லைக்கனையும் ஆற்று டால்பினையும் ஒரே தாளில் எழுதும்போது

“ஒரு லைக்கனையும் ஓர் ஆற்று டால்பினையும் வகைப்பாடு, பாதுகாப்பு நிலை அடிப்படையில் ஒப்பிடுக.” உயிரியல் படிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஒப்படைவு வந்தால் இடப்பக்கம் பூஞ்சை, வலப்பக்கம் விலங்கு, நடுவில் ஒரு கோடு என்று அட்டவணை போட்டு முடித்துவிடுவது வழக்கம். அந்த அட்டவணையில் தப்பு நுழைகிற கட்டங்கள் சில உண்டு. அவை எங்கே, ஏன் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து எழுதுவதால் லைக்கனை நம்மூர் மரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். டால்பினுக்கு மட்டும் கங்கைக்குப் போக வேண்டும். வைகை நம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் கடலில் சேர்கிற ஆறு. ஆண்டில் பல மாதம் மணல்தான். ஆண்டு முழுக்க நீரும் ஆழமான மடுக்களும் இல்லாத ஆற்றில் ஆற்று டால்பின் இருக்க வழியில்லை.

முதல் தப்பு தலைப்பிலேயே இருக்கிறது. ‘லைக்கன்’ என்பதும் ‘ஆற்று டால்பின்’ என்பதும் வகைப்பாட்டு அலகுகள் அல்ல. இரண்டும் வாழும் முறையைச் சொல்கிற பெயர்கள். ஒரு பூஞ்சை பாசியோடு கூட்டுக்குடும்பம் நடத்தினால் அது லைக்கன். பூஞ்சை உலகத்தில் இந்த ஏற்பாடு தனித்தனியே பலமுறை தோன்றியிருக்கிறது. பல்லுள்ள திமிங்கலக் கிளைகளில் ஏதாவது ஒன்று ஆற்று நீரில் தங்கிவிட்டால் அது ஆற்று டால்பின். இதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருக்கிறது. அமேசானின் இளஞ்சிவப்பு டால்பின், வம்சாவளியில் கங்கை டால்பினுக்கு நெருங்கிய சொந்தம் அல்ல. நம் மன்னார் வளைகுடாவில் துள்ளும் கடல் டால்பினுக்குத்தான் அது கிட்டத்து உறவு. கங்கை டால்பினின் கிளை அவற்றுக்கெல்லாம் வெகு முன்பே பிரிந்துபோனது. நீண்ட மூக்கு, சின்னக் கண், வளையும் கழுத்து ஆகிய மூன்றும் கலங்கல் ஆற்றுக்கு ஏற்ப வெவ்வேறு கிளைகளில் வந்து சேர்ந்தவை. பழைய புத்தகங்கள் இந்தத் தோற்றத்தை நம்பி எல்லா ஆற்று டால்பின்களையும் ஒரே குடும்பத்தில் போட்டிருந்தன.

ஆகவே ‘லைக்கனின் குடும்பம் எது’ என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. சிற்றினத்தை முதலில் தேர்ந்தெடுங்கள். நான் எடுத்துக்கொள்வது லைக்கனில் ரொசெல்லா மான்டாக்னி, டால்பினில் பிளாட்டனிஸ்டா கேன்ஜெட்டிகா, அதாவது கங்கை டால்பின்.

ரொசெல்லா மான்டாக்னி நம் கிழக்குக் கடற்கரையின் லைக்கன். கடல்காற்று படுகிற மரப்பட்டைகளில், பனை, தென்னை, மா போன்ற மரங்களில், சாம்பல் நிற நாடாக்கள் கொத்தாகத் தொங்குவதுபோல வளரும். நாடாவின் மேல் வெள்ளை மாவு தூவியதுபோலத் தெரியும் புள்ளிகள்தான் சொரீடியா. பூஞ்சை இழையும் பாசி செல்லும் சேர்ந்த பொட்டலங்கள் அவை. காற்றிலும் மழையிலும் உதிர்ந்து இன்னொரு பட்டையில் ஒட்டினால் அங்கே புதிய கொத்து தொடங்கும்.

அதன் வகைப்பாட்டை மேலிருந்து கீழே எழுதினால்: உலகம் பூஞ்சைகள், தொகுதி அஸ்கோமைகோட்டா, வகுப்பு ஆர்த்தோனியோமைசீட்ஸ், வரிசை ஆர்த்தோனியேலிஸ், குடும்பம் ரொசெல்லேசியே, பேரினம் ரொசெல்லா. சமையலில் போடுகிற கல்பாசியும் லைக்கன்தான், ஆனால் அது லெகனோரோமைசீட்ஸ் வகுப்பு. இரண்டும் ‘லைக்கன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கினாலும் வகுப்பு மட்டத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

பிளாட்டனிஸ்டாவுக்கு: உலகம் விலங்குகள், தொகுதி முதுகுநாணிகள், வகுப்பு பாலூட்டிகள், வரிசை ஆர்ட்டியோடாக்டைலா, குடும்பம் பிளாட்டனிஸ்டிடே, பேரினம் பிளாட்டனிஸ்டா. வரிசை என்ற இடத்தில் பழைய பாடநூல்கள் ‘சீட்டேசியா’ என்று போட்டிருக்கும். திமிங்கலங்களும் டால்பின்களும் இரட்டைக் குளம்பு விலங்குகளின் கிளைக்குள்ளிருந்தே வந்தவை, நீர்யானைதான் உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு என்று மரபணுக்களும் புதைபடிவங்களும் காட்டிய பிறகு, சீட்டேசியா அந்த வரிசைக்குள் ஓர் உட்பிரிவாகிவிட்டது. ‘சீட்டேசியா’ என்று எழுதினால் பழையது, ‘ஆர்ட்டியோடாக்டைலா’ என்று எழுதினால் இன்றையது. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் இரண்டு வரிசைகளாக எழுதுவதுதான் தப்பு.

அறிவியல் பெயருக்குப் பின்னால் வரும் ஆசிரியர் பெயரிலும், அதாவது அந்தப் பெயரைச் சூட்டியவரின் பெயரிலும், கவனம் வேண்டும். கங்கை டால்பினை 1801-இல் லெபெக், ராக்ஸ்பர்க் இருவருமே விவரித்தார்கள். நெடுநாள் ராக்ஸ்பர்க் பெயரே நின்றது. முன்னுரிமை லெபெக்குக்கு என்று பின்னர் மாற்றப்பட்டது. எனவே இரண்டு பெயரையும் நூல்களில் பார்ப்பீர்கள். அதேபோல சிந்து நதி டால்பின், கங்கை டால்பினின் துணைச்சிற்றினமாகவே பல காலம் இருந்தது. மண்டையோடு, மரபணு இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியான பிறகு அது பிளாட்டனிஸ்டா மைனர் என்ற தனிச் சிற்றினமாக ஏற்கப்பட்டுள்ளது. 2021-க்கு முந்தைய எண்ணிக்கைகளை எடுத்தாளும்போது அது ஒரு சிற்றினத்துக்கா, இரண்டுக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லைக்கன் பெயர் யாருடையது?

இந்த ஒப்பீட்டில் பலரும் தடுமாறும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரொசெல்லா மான்டாக்னி என்பது அந்தக் கொத்தின் பெயர் அல்ல. அதற்குள் இருக்கும் பூஞ்சையின் பெயர். பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது: லைக்கனுக்கு இடப்படும் பெயர் அதன் பூஞ்சைக்கூறுக்கே உரியது. உள்ளே இருக்கும் பாசிக்கு அதன் பெயர் தனி. ரொசெல்லாவுக்குள் இருப்பது டிரென்ட்டிபோலியா. அது குளோரோபைட்டா தொகுதி, அல்வோபைசியே வகுப்பு. பசும்பாசி வகையே ஆனாலும் கரோட்டின் நிறமி மிகுந்திருப்பதால் ஆரஞ்சாகத் தெரியும். பூஞ்சை இல்லாமல் தனியாகவும் வாழும்; ஈரமான சுவரிலும் மரப்பட்டையிலும் செங்காவி வெல்வெட்டு படிந்ததுபோல இருப்பது பெரும்பாலும் இதுதான். பாசி வகையை ஊகிக்க ஒரு சிறு வழி உண்டு. லைக்கனின் மேற்தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். கீறலில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் சாயல் தட்டினால் டிரென்ட்டிபோலியா, புல்லின் பச்சை தெரிந்தால் வட்டச் செல் கொண்ட பசும்பாசி.

ஆக, லைக்கனுக்கு அட்டவணையில் ஒரு பத்தி போதாது, இரண்டு வேண்டும்: ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று பாசிக்கு. இன்னும் நுணுக்கமாகப் போனால் இரண்டும் போதாமல் போகலாம். டோபி ஸ்ப்ரிபில் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பல லைக்கன்களின் மேற்தோலில் பசிடியோமைகோட்டா என்ற வேறொரு பூஞ்சைத் தொகுதியைச் சேர்ந்த ஈஸ்ட்டுகளும் இருப்பது தெரிந்தது. ரொசெல்லாவில் அது இருக்கிறது என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ‘லைக்கன் என்பது சரியாக இரண்டே உயிர்’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம்.

இந்த இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் டால்பினின் பத்தியையும் வைத்தால் ஓர் அருமையான விஷயம் வெளிப்படும். பூஞ்சைகளும் விலங்குகளும் ஒபிஸ்தோகோண்டா என்ற ஒரே பெருங்கிளையைச் சேர்ந்தவை. தாவரங்களும் பசும்பாசிகளும் வேறு பெருங்கிளை. அதாவது, ரொசெல்லாவின் பூஞ்சைக்கு, தன் உடம்புக்குள்ளேயே குடியிருக்கும் பாசியைவிடக் கங்கையில் நீந்தும் டால்பின்தான் நெருங்கிய சொந்தம். இதற்குச் சான்று மரபணு மட்டுமல்ல. விலங்கின் விந்தணுவிலும், நீரில் நீந்தும் பூஞ்சைகளின் வித்துகளிலும் கசையிழை ஒற்றையாகப் பின்புறம் இருந்து தள்ளும். உணவை இரண்டுமே கிளைக்கோஜனாகச் சேமிக்கும். பசும்பாசி ஸ்டார்ச்சாகச் சேமிக்கும். விட்டேக்கரின் ஐந்துலக வகைப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ‘இரண்டும் வேறு வேறு உலகம்’ என்று நிறுத்திவிட்டால் இந்த உறவு தாளில் வராது. என்னைக் கேட்டால், இந்த ஒப்பீட்டைச் செய்வதற்கே இது ஒன்று போதும்.

லின்னேயஸ் 1753-இல் லைக்கன்களை எல்லாம் ‘லைக்கன்’ என்ற ஒரே பேரினத்தில் போட்டுப் பாசிகளோடு வைத்தார். அவை கூட்டுயிர் என்று சைமன் ஷ்வெண்டனர் 1860-களின் பிற்பகுதியில் சொன்னபோது அன்றைய லைக்கன் அறிஞர்கள் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர் தரணி தர் அவஸ்தி. லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உலர்தாவரக் காப்பகம்தான் இன்று நாட்டின் முக்கியமான லைக்கன் சேகரிப்பு. இன்றும் லைக்கன்களைப் பெரும்பாலும் தாவரவியல் துறைகளே பார்த்துக்கொள்கின்றன. பூஞ்சையைத் தாவரவியல்காரர்கள் வைத்திருப்பது பழைய வகைப்பாட்டின் மிச்சம்.

மரத்தடியில் அடையாளம் காண்பது

கங்கை டால்பினை அடையாளம் காண வேறு எதுவும் தேவையில்லை, கண் போதும். நீண்ட ஒல்லி மூக்கு, வாய் மூடியிருக்கும்போதே வெளியே தெரியும் பல், முதுகில் துடுப்பு என்று சொல்ல முடியாத தாழ்ந்த முக்கோண மேடு. கண்ணில் லென்ஸ் இல்லை. ஒலியை அனுப்பி எதிரொலியால் இரை தேடும். பக்கவாட்டில் சாய்ந்து நீந்தும் பழக்கமும் உண்டு. முழு வளர்ச்சியில் சுமார் 2 முதல் 2.5 மீட்டர் நீளம், பெண்தான் பெரியது. மூச்சுவிட மேலே வந்து ஒரு நொடியில் உள்ளே போய்விடும் என்பதால் எண்ணிக்கை எடுப்பதுதான் சிரமமே தவிர, இனம் காண்பது அல்ல.

லைக்கனுக்குக் கண் போதாது. 10 மடங்கு கைலென்ஸ், பிளேடு, லைக்கன்மேல் சொட்டு விட்டு நிறமாற்றம் பார்க்க இரண்டு சொட்டுப் புட்டிகள் வேண்டும். ஒரு புட்டியில் 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 100 மில்லி நீருக்கு 10 கிராம். இது கே சோதனைக்கு. மற்றதில் நீர் கலக்காத வீட்டுப் பிளீச்சிங் திரவம், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டு. இது சி சோதனைக்கு. பாராபினைலீன்டயமின் கொண்டு செய்யும் பி சோதனையும் உண்டு. அந்த வேதிப்பொருள் நச்சு, தோலில் படக் கூடாது. ஆய்வகத்துக்கு வெளியே அதைச் செய்ய வேண்டாம்.

ரொசெல்லா மான்டாக்னியின் மேற்தோலில் பிளீச் சொட்டு பட்டதும் சிவக்கும். எரித்ரின், லெகனோரிக் அமிலம் ஆகிய பொருட்களின் வேலை அது. இதே பொருட்களுக்காகத்தான் ஒரு காலத்தில் ரொசெல்லா இனங்களைக் கப்பல் கணக்கில் வாரிக்கொண்டு போனார்கள். அம்மோனியா கலந்த நீரில் காற்றுப்பட வாரக்கணக்கில் ஊறவைத்தால் அவை உடைந்து ஆர்சினால் ஆகி, பிறகு ஊதாச் சாயமாக மாறும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸும் ரொசெல்லா இனங்களிலிருந்து வந்த சரக்குதான்.

இதோடு குழம்பக்கூடியது ரமலினா என்ற பேரினம். அதுவும் நாடா நாடாவாகத் தொங்கும். ஆனால் சற்று மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும், கீறினால் புல்பச்சை தெரியும், அதன் இனங்களில் பெரும்பாலானவை பிளீச்சுக்குச் சிவக்காது.

சி சோதனை பொய்த்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் பிளீச்தான். திறந்த புட்டியில் குளோரின் போய்விடும். நம்மூர் வெயிலில், வண்டிப் பெட்டிக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். முடிவு ‘நிறமாற்றம் இல்லை’ என்று வரும்போதெல்லாம் முதலில் பிளீச்சைச் சந்தேகப்படுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி மளிகைக் கடையிலேயே இருக்கிறது. ஒரு பொட்டலம் கல்பாசி வாங்கி, பெரிய இலை போன்ற துண்டுகளின் மேற்தோலைப் பிளேடால் சுரண்டி, உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதியில் ஒரு சொட்டு விடுங்கள். பொட்டலத்தில் பார்மோட்ரீமா டிங்க்டோரம் துண்டு கலந்திருந்தால் அது சட்டென்று சிவக்கும், அதிலும் லெகனோரிக் அமிலம் இருப்பதால். பார்மோட்ரீமா பெர்லாட்டம் துண்டு சிவக்காது. அதற்குக் கே சொட்டு விட்டால் மஞ்சளாகும். ஒரே பொட்டலத்தில் சில துண்டு சிவந்து சில சிவக்காமல் இருந்தால் பிளீச்சும் சரி, பொட்டலத்தில் பல சிற்றினம் கலந்திருப்பதும் சரி. எல்லாத் துண்டும் சும்மா இருந்தால் புதுப் புட்டி வாங்கிவிடுங்கள். சோதித்த துண்டைக் குழம்பில் போடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது தவறு, எந்த அடுக்கில் சொட்டு விட்டோம் என்று குறிக்காமல் விடுவது. மேற்தோல் ஒரு முடிவு தரும், உள்ளடுக்கு வேறு தரும். மூன்றாவது, நேரம். சி சோதனையின் நிறம் சில நொடியில் மங்கிவிடலாம். சொட்டை விட்டுவிட்டுக் குறிப்பேட்டைத் தேடக் கூடாது. லென்ஸ் கண்ணில் இருக்கும்போதே சொட்டு விழ வேண்டும்.

மரத்திலிருந்து கொத்தைப் பிய்க்க வேண்டாம். உதிர்ந்து கிடக்கும் நாடா ஒன்றே சோதனைக்குப் போதும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில் உதிர்ந்ததைக்கூட வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்கக் கூடாது.

பாதுகாப்பு நிலை: நான்கு பட்டியல், நான்கு பொருள்

டால்பினுக்கு எழுதும்போது ‘பாதுகாப்பு நிலை’ என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் வெவ்வேறு விஷயங்களைத் திணித்துவிடுகிறார்கள். பிரித்து எழுத வேண்டும்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) சிவப்புப் பட்டியலில் கங்கை டால்பின் ‘அருகிவரும் இனம்’. அது அழிவு அபாயத்தின் மதிப்பீடு, சட்டம் அல்ல. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை 1, இதுதான் சட்டம். வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை. சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இணைப்பு 1. இது பன்னாட்டு வணிகத்துக்கான தடை. தேசிய நீர்வாழ் விலங்கு என்பது பெருமைப் பட்டம். 2009 அக்டோபரில் முடிவெடுத்து 2010-இல் அறிவித்தார்கள். பட்டத்தைப் பாதுகாப்பு நிலை என்று எழுதினால் மதிப்பெண் போகும், போகவும் வேண்டும்.

பலரும் கேட்கிற கேள்வி ஒன்று. 2025 மார்ச்சில் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பில் இந்தியாவில் 6,327 ஆற்று டால்பின்கள். அதில் 6,324 கங்கை டால்பின். பஞ்சாபின் பியாஸ் ஆற்றில் மூன்றே மூன்று சிந்து டால்பின். உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220. ஆறாயிரம் இருக்கும்போது ஏன் ‘அருகிவரும்’? சிவப்புப் பட்டியலுக்கு ஏ முதல் இ வரை ஐந்து அளவுகோல் உண்டு. எண்ணிக்கையைப் பார்ப்பவை சி, டி. சி-யில் அருகிவரும் நிலைக்கு, இனப்பெருக்க வயதிலுள்ளவை 2,500-க்குக் கீழே இருக்க வேண்டும். கூடவே எண்ணிக்கை தொடர்ந்து சரிந்துகொண்டும் இருக்க வேண்டும். கங்கை டால்பின் அந்த வழியில் வரவில்லை. அது ஏ அளவுகோலின்படி, அதாவது 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் ஏற்பட்ட சரிவுக்காகப் பட்டியலில் இருக்கிறது. காரணம் இன்னும் ஓயாத நிலையில் சரிவு 50 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் அருகிவரும் இனம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டி போடுகிற விலங்குக்குத் தலைமுறை நீளம். 1975-இல் ஃபராக்கா தடுப்பணை ஆற்றை இரண்டாகப் பிரித்தது முதல் பல தலைமுறைகளின் இழப்பு அந்தக் கணக்கில் சேர்கிறது. வலையில் சிக்குவது, மீன்பிடி இரைக்கு அதன் கொழுப்பெண்ணெயைப் பயன்படுத்தியது, கோடையில் நீர் வற்றுவது எல்லாம் அதோடு கூடின. பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரை விக்ரமசீலா டால்பின் சரணாலயம் 1991 முதல் இருக்கிறது.

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வலையருகே வரும் ஓங்கல்களின், அதாவது கடல் டால்பின்களின், படத்துக்குக் கீழே ‘தேசிய நீர்வாழ் விலங்கு’ என்று போட்டுப் பகிர்கிறார்கள். அவை வேறு குடும்பம், வேறு நிலை. கூன்முதுகு டால்பின் அருகிவரும் இனம். இந்தோ-பசிபிக் குப்பிமூக்கு டால்பின் ‘அச்சுறுத்தலை நெருங்கும் இனம்’. முதுகுத் துடுப்பே இல்லாத கடற்பன்றி வகை ‘எளிதில் பாதிக்கப்படக்கூடிய இனம்’. ஆவுளியா (கடல்பசு) டால்பினே அல்ல, சைரீனியா வரிசை. அதுவும் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில்தான் இருக்கிறது. சட்டப்படி இவை எல்லாமே அட்டவணை 1. ஏதாவது ஒன்று உயிரோடு கரை ஒதுங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, வாலைப் பிடித்து இழுக்காமல், உடம்பில் ஈரத்துணி போர்த்தி நிழல் கொடுங்கள். டால்பினுக்கு மூச்சுத்துளை தலையுச்சியில், ஆவுளியாவுக்கு மூக்குத்துளை மூஞ்சியின் மேல்நுனியில். துணியோ நீரோ அங்கே படக் கூடாது.

லைக்கனுக்கு வருவோம். மேலே சொன்ன அத்தனை பட்டியலிலும் லைக்கனின் இடம் ஏறக்குறைய காலி. சிவப்புப் பட்டியலில் முதன்முதலில் இடம்பெற்ற லைக்கன்கள் இரண்டு: எரியோடெர்மா பெடிசெல்லாட்டம், கிளாடோனியா பெர்ஃபோராட்டா. ஆண்டு 2003. உலகில் சுமார் 20,000 லைக்கன் இனங்கள் இருக்க, பூஞ்சைகள் எல்லாம் சேர்த்தே 2025 மார்ச்சில்தான் மதிப்பிடப்பட்டவை 1,300-ஐ எட்டின. அதில் 411 அழிவு அபாயத்தில். இந்திய லைக்கன்களில் மிகப் பெரும்பாலானவை ‘மதிப்பிடப்படவில்லை’ என்ற நிலையில் இருக்கின்றன. தாளில் அதை அப்படியே எழுதுங்கள். ‘கவலை குறைந்த இனம்’ என்று எழுதாதீர்கள். அது யாரோ உட்கார்ந்து தரவைப் பார்த்துச் சொன்ன முடிவு. ‘தரவு போதாது’ என்றும் எழுதாதீர்கள். மதிப்பீடு செய்ய முயன்று தரவு பற்றாமல் நின்றால்தான் அந்தப் பெயர். மூன்றும் வெவ்வேறு. இந்த ஒரு கட்டத்தில்தான் மிக அதிகமான தாள்கள் தவறுகின்றன.

மதிப்பிடுவதில் உண்மையான சிக்கல், அளவுகோல்கள் டால்பின் போன்ற உயிரை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது. டால்பின் ஒன்று என்றால் ஒன்று. லைக்கனில் ‘ஒன்று’ எது? ஒரு பனையில் தொங்கும் முப்பது கொத்தும் ஒரே பூஞ்சையின் சொரீடியாவிலிருந்து வந்திருக்கலாம். அதனால் பூஞ்சைகளை மதிப்பிடுகிறவர்கள், லைக்கன் குடியேறிய ஒரு மரத்தையே ஓர் ‘உயிரி’ என்று எண்ணும் வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். முப்பது கொத்து இருந்தாலும் ஒரு பனை ஒன்றுதான்.

எண்ணிக்கை கைகொடுக்காதபோது பரப்பை அளக்கும் பி அளவுகோல்தான் வழி. வரைபடத்தில் 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டம் போட்டு, இனம் இருக்கும் கட்டங்களை எண்ணி 4-ஆல் பெருக்கினால் வாழ்பரப்பு கிடைக்கும். ஓர் உதாரணத்துக்கு, ஓர் இனம் உலகிலேயே 15 கட்டங்களில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 60 சதுர கிலோமீட்டர். அருகிவரும் நிலைக்கான வரம்பு 500 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்பதால் ஒரு படி தாண்டியாகிவிட்டது. ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. கடுமையாகத் துண்டுபட்டிருப்பது அல்லது இருப்பிடங்கள் ஐந்தோ அதற்குக் குறைவோ ஆக இருப்பது, தொடர் சரிவு, கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு நிறைவேற வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: 60 என்று வந்ததும் ‘அருகிவரும்’ என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொன்று, நம் மாவட்டத்துக் கட்டங்களை மட்டும் எண்ணி உலக நிலையைச் சொல்ல முடியாது. ரொசெல்லா மான்டாக்னி நமக்கு மட்டும் சொந்தமான இனமும் அல்ல. மாவட்டக் கணக்கு மாவட்டத்துக்குத்தான். தேடாத இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒன்றாக்கிவிடாமல், பார்த்தும் கிடைக்காத கட்டங்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். பின்னால் சரிவைக் காட்ட அந்தக் குறிப்புதான் உதவும்.

சட்டத்தில் நிலைமை இன்னும் மெலிவு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவர அட்டவணையில் லைக்கன் எதுவும் இல்லை. ஆனாலும் தேசியப் பூங்கா எல்லைக்குள் வாழிடத்தின் ஒரு பகுதி என்ற முறையில் லைக்கனுக்கும் பாதுகாப்பு உண்டு. 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் பூங்காவின் தீவுகளில் அனுமதி இல்லாமல் அதை யாரும் தொட முடியாது. அந்த எல்லையைத் தாண்டி, ஊருக்குள் நிற்கும் மரத்தில் இருக்கும் அதே லைக்கனுக்கு மரத்தின் கதிதான். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. செங்கல் சூளைக்குப் பனை போவதைத் தடுக்க வந்த அந்த அறிவிப்பு, நம் கடற்கரையில் ஒரு லைக்கனுக்குக் கிடைத்திருக்கிற மிக நல்ல பாதுகாப்பு என்று நான் நினைக்கிறேன். வயதான பட்டை நிலைத்து நிற்பதுதான் லைக்கனுக்கு வேண்டியது. கரிமூட்டத்துக்காகச் சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் சீமைக் கருவேல மரத்தில் அந்த வயது வருவதே இல்லை. பழைய பனையும் பூவரசும் போய்க் கருவேலம் அந்த இடத்தைப் பிடித்தால் மரங்களின் எண்ணிக்கை கூடினாலும் லைக்கனுக்கான இடம் குறைகிறது.

பதிவு செய்ய விரும்புகிறவர்கள் ஒவ்வொரு மரத்துக்கும் இவற்றை எழுதுங்கள்: தேதி, ஜிபிஎஸ் புள்ளி, மர இனம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு, லைக்கன் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கடலைப் பார்த்த பக்கமா மறுபக்கமா, சொரீடியா இருக்கிறதா, எந்த அடுக்கில் எந்தச் சோதனைக்கு என்ன நிறம். படம் எடுக்கும்போது ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, ஒன்று மரம் முழுவதும், ஒன்று கொத்து, ஒன்று லென்ஸ் வழியாக என மூன்று படம். பிளீச் புட்டியில் திறந்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள். அதே மரத்துக்கு அடுத்த ஆண்டு அதே மாதத்தில் போங்கள். மரம் இல்லாமல் போயிருந்தால் அதையும் எழுதுங்கள்.